பதின்வயதுப் பகிடிப் படங்கள்: பிள்ளைகளுக்குக் காட்ட முன் பார்க்க வேண்டியவை

சித்திரை லீவுக்கு மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். காரைதீவிலிருந்து தங்கச்சியின் பிள்ளைகள், களுவாஞ்சிகுடியிலிருந்து என் மச்சாளின் பிள்ளைகள், மிச்சம் எங்களுடையவை. வெயில் கொளுத்தியதால் மத்தியானம் வெளியே விட முடியவில்லை. மூத்தவன் ஒருவன் ரீவியில் ஒரு படத்தைப் போட்டான். முகப்பில் பள்ளிச் சீருடையோடு நாலு பிள்ளைகள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடப் படம்தானே என்று நான் குசினிக்குள் போய்விட்டேன்.

ரிமோட்டைத் தேடி ஓட வைக்கும் காட்சி ஒன்றும் அதில் வரவில்லை. பருத்த பையன் ஒருவனுக்கு வகுப்பே சேர்ந்து பட்டப்பெயர் வைக்கிறது, படம் முடியும்வரை அந்தப் பெயரைச் சொல்லியே சிரிப்பு. அன்று பின்னேரம் என் மகன் அதே பெயரைத் தன் மச்சானுக்கு வைத்தான். அந்த மருமகனுக்குப் பதினொரு வயது, கொஞ்சம் உடம்பான பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றான். அடுத்த நாள் பாதிச் சோற்றோடு எழும்பினான். மூன்றாம் நாள் மச்சாள் பக்கத்தில் இருத்திக் கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது.

முத்தக் காட்சி வருகிறதா, கெட்ட வார்த்தை வருகிறதா என்று பார்க்க நாங்கள் நன்றாகப் பழகியிருக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பார்க்க நான் பழகியிருக்கவில்லை. அந்த லீவுக்குப் பிறகு பதின்வயதுப் பகிடிப் படம் எதையும் ஒரு ஒழுங்கில் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுகிறேன். அந்த ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். ஒரு படத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குமேல் பிடிக்காது.

முதற்படி: படத்துக்கு முன் பிள்ளையைப் பாருங்கள்

“இந்தப் படம் பிள்ளைகளுக்கு நல்லதா?” என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டால்தான் விடை வரும். ஏழெட்டு வயதில் பிள்ளை வசனத்தைப் பிடித்துக்கொள்ளும், அது சொல்லப்பட்ட சூழல் மனதில் நிற்காது. கதையில் ஒருவன் செய்த பிழையைப் படமே பிழை என்று காட்டியிருக்கலாம். ஆனால் திருந்துகிற காட்சி கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. அதற்குள் சின்னது விளையாடப் போயிருக்கும். புலமைப்பரிசில் முடித்த வயதில், பத்துப் பதினொன்றில், கூட்டத்தோடு சேர வேண்டும் என்ற ஆசை வருகிறது. படத்தில் கூட்டம் எப்படிச் சிரித்ததோ அப்படியே இவர்களும் சிரிப்பார்கள். பதின்மூன்று, பதினான்கைத் தாண்டியவர்கள் தங்களையே அந்தப் படத்தில் தேடுகிறார்கள். எங்களோடு இருந்து பார்க்க வெட்கப்படுவதும் அதனால்தான்.

பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால், ஆகச் சின்னதை வைத்தே படத்தைத் தெரிவு செய்யுங்கள். கூட்டுக் குடும்பங்கள் லீவுக்குச் சேரும் எங்கள் ஊர்களில் இது கஷ்டமான விதி. ஆனாலும் இதில் நான் இறங்கிப் போவதில்லை.

அந்த அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எங்கே நோகிறது என்றும் யோசியுங்கள். உடம்பு, நிறம், திக்கு வாய், மார்க்ஸ் குறைவு, தகப்பன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற வீடு. குடியால் அவதிப்படும் வீட்டுப் பிள்ளைக்கு, தள்ளாடி விழுகிற அப்பா பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பு வராது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பதைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: சான்றிதழ் எழுத்தை வாசியுங்கள்

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய படமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்த படம் என்று நினைப்பதுதான் பெரியவர்கள் அதிகம் விடுகிற பிழை. பல பதின்வயதுப் படங்கள், பள்ளிக் காலத்தைத் தாண்டியவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதற்காக எடுக்கப்பட்டவை. இந்த வேறுபாட்டை முதலில் காட்டிக்கொடுப்பது சான்றிதழ்.

இந்தியப் படங்களில் யூ (எல்லோருக்கும்), யூ/ஏ, ஏ (வளர்ந்தவர்களுக்கு மட்டும்) என்று இருக்கும். பழைய யூ/ஏ, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வழிகாட்டல் வேண்டும் என்று மட்டும் சொன்னது. அதற்குள் எல்லாமும் அடங்கியதால் அது பெரிதாக உதவவில்லை. 2024-இல் அதை யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். புதிய தமிழ்ப் படம் என்றால் அந்த எண்ணைப் பாருங்கள். பழைய படத்தில் வெறும் யூ/ஏ மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

அமெரிக்கப் படங்களில், எல்லோருக்குமானதிலிருந்து ஆகக் கடுமையானதுவரை, ஜி, பிஜி, பிஜி-13, ஆர், என்சி-17. பதின்வயதுப் பகிடிப் படங்கள் பெரும்பாலும் பிஜி-13-இலோ ஆரிலோ நிற்கும். பிஜி-13 என்ற பிரிவு 1984-இல் வந்தது. பதின்மூன்றுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொருந்தாதவை இருக்கலாம் என்ற எச்சரிக்கை அது. ஆங்கிலத்தின் ஆகக் கடுமையான கெட்ட வார்த்தை ஒரு தடவை வந்தால் பிஜி-13-இல் விடுவார்கள், அதற்குமேல் வந்தால் வழக்கமாக ஆர் ஆகிவிடும். ஆர் என்றால் பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெற்றோரோ வளர்ந்த காப்பாளரோ இல்லாமல் அங்கே திரையரங்குக்குள் போக முடியாது. படத்தில் நடிப்பது பள்ளிப் பிள்ளைகள், அந்த வயதுப் பிள்ளைக்கோ தனியே போக அனுமதி இல்லை. இதை விளங்கிக்கொண்டால் முகப்புப் படத்தை இனி நம்ப மாட்டீர்கள்.

எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வரியையும் வாசியுங்கள். ‘குரூட் ஹியூமர்’ என்றால் கழிவறைப் பகிடி, அருவருப்பான பகிடி. ‘சஜெஸ்டிவ்’ என்றால் நேரே காட்டாமல் பாலியலைச் சாடையாகச் சொல்வது. ‘ரீன் பார்ட்டியிங்’ என்றால் பெற்றோர் இல்லாத வீட்டில் பிள்ளைகள் கூடிக் குடிப்பது. இந்தக் கடைசிச் சொல்லை எங்கே கண்டாலும் நிதானியுங்கள். குடித்துச் சத்தி எடுப்பதையும் மயங்கிக் கிடப்பதையும் பகிடியாக்கும் காட்சி அநேகமாக அங்கேதான் இருக்கும்.

எங்கள் இலங்கைத் திரையரங்குகளுக்கு வரும் படங்கள் கொழும்பில் தணிக்கையாகித்தான் வருகின்றன. வீட்டு ரீவிக்கு நெட்பிளிக்ஸ் வழியாக வருவதற்கும் பென் டிரைவில் கைமாறி வருவதற்கும் அந்த வேலி இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி சிகரெட்டையும் மதுப் போத்தலையும் மங்கலாக்கிக் காட்டுகிறது. அதே படத்தை நெட்டில் போட்டால் எல்லாம் தெளிவாகத் தெரியும். “ரீவியில போன படம்தானே” என்பது போதிய காரணம் ஆகாது.

மூன்றாம் படி: பத்து நிமிட வாசிப்பு

ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் படத்தின் பெயரைத் தேடி, அதற்குள் ‘பேரன்ட்ஸ் கைட்’ பகுதிக்குப் போங்கள். பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது - போதை - புகை, பயமுறுத்தும் காட்சிகள் என ஐந்து தலைப்புகளில் பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். காமன் சென்ஸ் மீடியா என்ற தளம் எந்த வயதுக்குப் பொருந்தும் என்று எண்ணாகவே சொல்லும். பிரித்தானியத் தணிக்கைச் சபையின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஏன் 12 கொடுத்தோம், ஏன் 15 கொடுத்தோம் என்று விளக்கம் இருக்கும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் கைபேசியின் மொழிபெயர்ப்பில் போட்டு வாசிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரு பழக்கம் வரும்.

இவற்றில் எழுதுகிறவர்களின் கண் எங்கள் கண் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கழுத்து இறங்கிய சட்டை அவர்கள் கண்ணில் படாது. காத்தான்குடியில் இருக்கும் என் தோழி, கடலில் குளிக்கிற காட்சிகளின் உடுப்புக்காகவே நல்ல கதை என்று தெரிந்தும் சில படங்களைத் தள்ளி வைத்திருக்கிறாள். அது அவள் வீட்டு அளவு. நான் அதை மதிக்கிறேன், அவளுடைய பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அந்த அளவையே எடுக்கிறேன்.

டிரெய்லரை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் டிரெய்லர்களைத் தனியாகச் சரிபார்த்துத்தான் வெளிவிடுகிறார்கள். ஆர் படத்துக்கும் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லாத டிரெய்லர் இருக்கும்.

நான்காம் படி: நீங்களே பாருங்கள், முழுதாக அல்ல

பிள்ளைகள் படுத்த பிறகு, திரையின் கீழே வசன எழுத்துகளைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். காதுக்குத் தப்புவது கண்ணுக்கு அகப்படும். இந்த வகைப் படங்கள் ஏறத்தாழ ஒரே பாதையில் போவதால் மூன்று இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

முதல் பதினைந்து நிமிடம். கதாநாயகன் யார், வகுப்பில் யார் மேலே யார் கீழே, பகிடி எந்தத் தரத்தில் ஓடப்போகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

நடுப்பகுதியில் வரும் விருந்து, சுற்றுலா, இரவு நடனம். ஆகக் கூடாத காட்சி இருந்தால் அநேகமாக இங்கேதான்.

பிறகு, யாரையாவது எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்கும் இடம். கதையில் முக்கால்வாசி தாண்டியதும் வரும். இதை விட்டுவிடாதீர்கள். தலைகுனிந்தவரோடு படம் நிற்கிறதா, அவருடைய முகத்தைக் காட்டுகிறதா, அல்லது சிரிக்கிற கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறதா? ஒரு படத்தின் மனம் எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: பகிடிகளைப் பிரியுங்கள்

காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள் செகசிற்பியாரின் (ஷேக்ஸ்பியரின்) நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தை வைத்து ஆராய்ந்து மதங்க சூளாமணி என்ற நூலை எழுதினார். வெளிநாட்டுக் கதையை எங்கள் கையில் இருக்கும் அளவுகோலால் அளக்கலாம் என்ற துணிவை நான் அங்கேதான் எடுத்தேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்கிற இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கொப்பியில் ஒரு பக்கத்தை நாலாகப் பிரித்து இந்தப் பெயர்களை எழுதுங்கள். படத்தில் சிரிப்பு வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு.

இளமை என்பது பிள்ளைத்தனத்தால் வரும் சிரிப்பு. முதன்முதலாகச் சவரம் செய்து முகத்தை வெட்டிக்கொள்பவன், பிடித்த பிள்ளை முன்னால் பேச்சு வராமல் நிற்பவன். பேதைமை, அறியாமையால் வருவது: பொய்யை நம்பி ஊரெல்லாம் அலைவது. மடன், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. இந்த மூன்றிலும் சிரிக்கிறவனுக்குத் தன்னையும் அங்கே காண முடியும். இவற்றுக்குக் கோடு கூடிய படத்தைப் பயமில்லாமல் காட்டலாம்.

எள்ளலில்தான் நிற்க வேண்டும். பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றது. அன்று என் மருமகன் சிரித்தானே, அது இந்த இரண்டாவது. அவனும் சிரித்ததால் அவனுக்கு நோகவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

எள்ளல் முழுவதும் கூடாது என்று சொல்ல வரவில்லை. பதவித் திமிர் பிடித்த பள்ளி அதிபரை, காசுக்காரத் தகப்பனின் பெருமையைப் பிள்ளைகள் எள்ளினால் அது மேலே போகிற எள்ளல். கூத்துக் களரியிலும் அரசனைச் சீண்டிச் சிரிக்க இடம் உண்டு. கீழே போகிற எள்ளலை எண்ணுங்கள். உடம்பு, நிறம், குறைபாடு, வறுமை, திருநங்கையர், வேற்று ஊர்ப் பேச்சு. கடைசியாகச் சொன்னது எங்களுக்குச் சுடும். ஈழத்துப் பேச்சைச் சிரிப்புக்காகவே வைக்கிற காட்சியைக் கண்டு எங்கள் பிள்ளைகளே தங்கள் அம்மம்மாவின் பேச்சைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “மனே”, “மறுகா” என்று எங்கள் மட்டக்களப்புத் தமிழ் பேசுகிற வாய்க்குக் கூச்சம் வந்தால் அது சின்ன நட்டம் இல்லை.

கோடு போடும்போது நான் தனியாகக் குறிக்கிறவை இன்னும் மூன்று.

ஒன்று, பகிடிவதை, அதாவது புதிதாக வந்த மாணவரை மூத்தவர்கள் வதைப்பது. பகிடி என்ற சொல்லோடு வதையைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் எங்கள் நாட்டில் இருக்கிறது. 1998-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ நாளைக்குப் போகப்போகிற பிள்ளை, புதியவனை முழந்தாளில் நிற்க வைப்பது வேடிக்கை என்று பன்னிரண்டு வயதில் படத்தில் படிக்க வேண்டுமா?

இரண்டு, பின்னால் திரிவது. வேண்டாம் என்ற பெண்பிள்ளையை ரியூசன் வாசல்வரை தொடர்ந்து, நண்பர்களை வைத்து வழியை மறித்து, கடைசியில் அவளே சிரித்து ஒத்துக்கொள்வது. அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பயத்தைப் படம் காட்டுகிறதா என்று பாருங்கள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பின்னேர வகுப்பு முடிந்து சைக்கிளில் வருகிற பெண்பிள்ளைகளுக்கு அது பகிடி இல்லை. தெரியாமல் படம் எடுத்துக் குழுவில் போடுவதும் இதில் சேரும். படத்தில் வரும் வெட்டுக் குத்தைவிட இதைப் பிள்ளைகள் வேகமாகச் செய்து பார்ப்பார்கள், ஏனென்றால் போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

மூன்று, குடியும் புகையும். இந்தியப் படங்களில் புகைக்கிற காட்சியில் எச்சரிக்கை வரி ஓடும், 2012-இலிருந்து அது அங்கே கட்டாயம். அந்த வரி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்கக்கூடாது. படத்தில் பதினாறு வயதுப் பிள்ளை குடிக்கும்போது இதை வீட்டில் சொல்லுங்கள்.

ஆறாம் படி: முடிவும் அதைச் சொல்லும் விதமும்

என் கொப்பியில் நாலு விதமான முடிவுதான் இருக்கும்: எல்லோரும் பார்க்கலாம், நான் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம், பிறகு பார்க்கலாம், வேண்டாம். ‘பிறகு’ என்று எழுதினால் எந்த வயதில் என்றும் எழுத வேண்டும். வயது எழுதாத ‘பிறகு’ பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்றுதான் கேட்கும், ஒளித்துப் பார்க்கத்தான் தூண்டும்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “கெட்ட படம்” என்று சொன்னால் ஆசை கூடும். “அதில ஒரு பிள்ளைய எல்லாருமா சேந்து அழ வைக்கிறாங்க, அதப் பகிடியாக் காட்டியிருக்காங்க, எனக்குப் பிடிக்கல மனே” என்றால் பிள்ளைக்கு விளங்கும்.

மற்றவர் வீட்டில் சொல்வது இன்னும் சங்கடம். மாமி வீட்டில் படம் ஓடத் தொடங்கிவிட்டால் முகத்தை முறிக்க முடியாது. “மாமி, சின்னாக்கள் படுத்தாப்பிறகு இதப் போடுவமா? இப்ப வேற ஒண்டு பாப்பம்” என்று கேட்டு, அடுத்த படத்தின் பெயரையும் கையோடு சொல்லுங்கள். மாற்றுப் படம் கையில் இல்லாமல் ஆட்சேபம் சொல்லப் போகாதீர்கள்.

பூட்டுகளும் உதவும். நெட்பிளிக்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி முகப்பு வைத்து, வயதெல்லையைப் போட்டு, ஒரு குறிப்பிட்ட படத்தைப் பெயர் சொல்லியே மறைக்கலாம். உங்கள் முகப்புக்கு நாலு இலக்கப் பூட்டு போடுங்கள். அடுத்த படம் தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள்.

ஏழாம் படி: பார்க்கும்போதும் பார்த்த பிறகும்

இடைக்கிடை நிறுத்திப் பிரசங்கம் செய்தால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு படத்துக்கு ஒரு தடவைக்குமேல் நான் நிறுத்துவதில்லை. எங்கே என்பதை முந்தின இரவே நிமிடத்தோடு எழுதி வைத்திருப்பேன். நிறுத்தி ஒரு கேள்விதான்: “இப்ப சிரிச்சமே, யாரப் பாத்துச் சிரிச்ச நாம?” விடை வராவிட்டால் பரவாயில்லை, படத்தை ஓட விடுங்கள். அந்த விடை இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போது வரும்.

பிள்ளை ஏற்கெனவே ஏதாவது பார்த்துவிட்டு வந்தால் ஏசாதீர்கள். என்ன பார்த்தாய், எந்த இடத்தில் ஒரு மாதிரி இருந்தது என்று கேளுங்கள். சில வேளை படத்தைச் சாட்டித் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லும். பெரியவர் ஒருவர் தொந்தரவு செய்வதாகவோ படம் எடுத்து வைத்து மிரட்டுவதாகவோ வாய் திறந்தால், படத்தை மறந்து அதைக் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுக்கலாம்.

ஓகஸ்ட் லீவில் களுவாஞ்சிகுடிப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். இந்த முறை படத்தை மருமகன் தெரிவு செய்தான். முந்தின இரவு நான் பார்த்து முடித்திருந்தேன்: இளமைக்குப் பதினாறு கோடு, எள்ளலுக்கு மூன்று, மூன்றும் அதிபர்மேல். கொப்பியைக் கண்டு என் மகள் பிடுங்கி எடுத்தாள். தன் பெயருக்கு நேரே ‘பிறகு, பதினான்கு’ என்று நாலு படங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, பென்னை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் தை மாதம் என்று எழுதி வைத்தாள். அவள் பிறந்த மாதம் அது.